கிணற்றடி மண்ணும் கனடாப் பார்சலும்

ரொறன்ரோவில் ஒரு குழுக் கண்காட்சிக்கு அனுப்பிய என்ர கலப்பு ஊடகப் படைப்பு பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக நேற்றுத்தான் செய்தி வந்தது. இனி அனுப்பப்போகிற ஆக்கள் அலையக்கூடாது என்று எழுதுகிறேன்.

போரால் 1990இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டதும் 1995 ஒக்ரோபர் 30 இரவு சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்ததும்தான் படைப்பு. அம்மாவின் நூல்சீலைத் துண்டு, காணி உறுதி, மாமாவின் நீல விமானக் கடிதங்கள், நடுவில் எங்கட கிணற்றடிச் செம்மண்ணைப் பசையில் குழைத்துப் பூசிய பலகை.

தெரிவு, அழைப்புக் கடிதம் எல்லாம் சுகமாக முடிந்தது. கூரியர் கந்தோரில்தான் வில்லங்கம். அங்கிருந்த தம்பி உறுதியைக் கண்டதும், "அக்கா, இது படமோ பழைய சாமானோ? தொல்லியல் திணைக்களத்தில கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். அது காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி. மூலம் இடப்பெயர்வோடு போய்விட்டது. பிரதியில் இருந்த முத்திரைத் திகதியைக் காட்டியும் கேட்கவில்லை. கொதிக்கிற வெயிலில் அலைந்து திரும்பினால், மேலாளர் அதே திகதியைப் பார்த்து உடனேயே சரி என்றார். பிரதி எடுத்த பற்றுச்சீட்டையும் கையோடு கொண்டுபோங்கோ.

அதன்பிறகுதான், "மண் போகாது" என்றார்கள். முதலே சொல்லியிருக்கலாம். கனடாவுக்குள் எங்கட மண் அனுமதிப்பத்திரம் இல்லாமல் போகாது. பசையில் குழைத்திருந்தாலும் மறிக்கலாம். இராணுவத்திடமிருந்து காணி விடுபட்ட பிறகு முதன்முதல் அள்ளிய மண் அது. அன்றிரவு நித்திரையே இல்லை.

வழி வேட்டியில் கிடைத்தது. செம்மண் கறை லேசில் போகாது என்று தோட்டம் செய்த வீடுகளுக்குத் தெரியும். அப்பாவின் பழைய வேட்டியைச் செம்மண் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு துணிக்கையும் இல்லாமல் போகும்வரை அலசினேன். மண் போனது, நிறம் நின்றது. விளிம்பில் மட்டும் கடுஞ்சிவப்பு. பலகையை எடுத்துவிட்டு அதைத் தைத்தேன். இப்போது பார்த்தால் முந்தியதைவிட இதுதான் சரி.

பெட்டி விசயம்: வெறும் மரப்பலகையில் அடித்தால், மரத்தை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியதைக் காட்டும் முத்திரை பெட்டியில் வேண்டும். முழுக்க ஒட்டுப்பலகையில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. மூடமுதல் ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, ஏற்றுமதிப் பத்திரத்தோடு வையுங்கோ. திரும்பி வரும்போது சுங்கத்தில் தீர்வை கேட்டால், இங்கிருந்து போனதுதான் என்று காட்ட அது உதவும்.