தடம் ஓடுது, பெயர்தான் பழசு

நின்டெண்டோ வீ கன்சோலின் கார் பந்தய ஆட்டமான மரியோ கார்ட் வீக்குச் சொந்தமாகப் பந்தயத் தடம் போடுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "என் தடம் என்னிடம் நன்றாக ஓடுகிறது, நண்பனின் அமெரிக்கப் பதிப்பில் ஏன் உறைந்து போகிறது?" கேட்ட கையோடு தடத்தைப் பிரித்து மேய ஆரம்பித்துவிடுவார்கள். ஐயா, அதில் கையே வைக்காதீர்கள்.

ஆட்டம் 2008 ஏப்ரலில் ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்காவில் வந்தது, 2009-ல் கொரியாவில். இந்த நான்கு பதிப்புகளின் அடையாளக் குறியீடும் ஆர்எம்சி என்றே தொடங்கும். நாலாவது எழுத்து மட்டும் ஜே, பி, இ, கே என்று மாறும். தடத்தின் எஸ்இசட்எஸ் என்ற சுருக்கிய தொகுப்புக் கோப்புக்குள் 3டி மாடல், மோதலுக்கான கேசிஎல், செக்பாயிண்டுகள் வைத்த கேஎம்பி எல்லாம் இருக்கும். எதுவும் நாடு பார்க்காது. லூயிஜி சர்க்யூட்டின் கோப்புக்கு எங்கேயும் பிகினர்_கோர்ஸ் என்றுதான் பெயர்.

நாடு பார்ப்பது ஆட்டத்தின் நிரல். அது இருக்கும் மெயின்.டால், ஸ்டாட்டிக்ஆர்.ரெல் இரண்டும் பதிப்புக்குப் பதிப்பு தனியாகக் கம்பைல் ஆனவை. ஆள் அதே ஆள்தான், கதவு எண் வேறு: அதே நிரல் நினைவகத்தில் வேறு முகவரியில் இருக்கும். ஆட்டம் ஓடும்போதே நினைவகத்தை மாற்றும் குறியீட்டுக்குக் கெக்கோ கோடு என்று பெயர். ஐரோப்பாவுக்கு எழுதிய கெக்கோ கோடை ஜப்பான் பதிப்பில் போட்டால் சம்பந்தமில்லாத இடத்தில் போய் எழுதிவிடும். அப்புறம் உறையாமல் என்ன செய்யும்?

டிஸ்க்கைத் தொடாமல் மாற்றங்களை ஏற்றும் ரீவொல்யூஷன் கருவிக்காகத் தடத்தை வெளியிடுபவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. அதன் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில், நினைவகத்தை மாற்றும் மெமரி வரி எழுதும்போது அங்கே முதலில் இருக்க வேண்டிய ஒரிஜினல் மதிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த முகவரியில் அதே பைட்டுகள் இருந்தால்தான் மாற்றம் நடக்கும், இல்லாவிட்டால் சும்மா தாண்டிப் போய்விடும். பதிப்புக்கு ஒன்றாக நாலு வரி எழுதினால் ஒரே தொகுப்பு போதும். இதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

தடம் ஓடுகிறது, மெனுவில் மட்டும் பழைய பெயர் என்றால் அது மொழிக் கோப்பு. ஐரோப்பாவில் ஆங்கிலத்துக்கான கோப்பு மெனுசிங்கிள்_இ. அமெரிக்காவில் அந்தக் கடைசி எழுத்து ஆங்கிலத்துக்கு யு, ஸ்பானிஷுக்கு எம், பிரெஞ்சுக்கு க்யூ. ஐரோப்பியக் கோப்பையே பெயர் மாற்றி வைக்கும் குறுக்கு வழி எனக்குப் பிடிக்காது. அந்தந்தப் பதிப்பின் கோப்பைத் திறந்து, திரையில் வரும் சொற்களை வைத்திருக்கும் பிஎம்ஜியில் உங்கள் தடத்தின் வரியை மட்டும் மாற்றுங்கள். ரேஸ்_ என்று தொடங்கும் கோப்பிலும் அதே வரி இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

கொரியப் பதிப்பில் சோதித்துப் பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம். சோதிக்காத வரை அதற்குத் தடத்தை மட்டும் தருகிறேன், கெக்கோ கோடு கிடையாது.