கொரோ வரையாத ஓடம்

ஏலப் பட்டியலில் அந்தப் படத்துக்குக் கீழே இரண்டே வரிதான் இருந்தது. "ஆற்றங்கரை, மரங்கள், ஓடத்தில் ஓர் உருவம். கித்தானில் எண்ணெய் வண்ணம். இடது கீழ் மூலையில் கொரோ என்ற கையெழுத்து காணப்படுகிறது." 'காணப்படுகிறது' என்ற சொல் என் கண்ணில் படவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரெஞ்சு இயற்கைக் காட்சி ஓவியர் கொரோ; அந்தப் பெயரோடு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஏலக்காரர்கள் வார்த்தையை அளந்து போடுகிறவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓவியரின் முழுப்பெயரை மட்டும் போட்டால், அவர் வரைந்தது என்று தாங்கள் கருதுவதாக அர்த்தம். 'அவர் வட்டத்தைச் சேர்ந்தவர்' என்றால் அவர் காலத்தில் அவருக்கு அருகில் இருந்த யாரோ. 'அவர் பாணியில்' என்றால் எப்போது வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். 'கையெழுத்திட்டது' வேறு, 'கையெழுத்து காணப்படுகிறது' வேறு. இரண்டாவதற்கு, அந்தக் கையெழுத்து வேறொருவர் கை என்று நினைக்கிறோம் என்று பொருள். விற்றவர் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார், நான்தான் படிக்கவில்லை. புகார் சொல்ல ஆளில்லாத ஏமாற்றம் இருக்கிறதே, அது தனி வகை.

படம் வந்து இறங்கியபோது அழுக்கு வார்னிஷ் மஞ்சள் கண்ணாடி போல மேலே கிடந்தது. அதன் அடியில் வெள்ளியும் சாம்பலும் கலந்த மரங்கள், அசையாத தண்ணீர். 1864-இல் கொரோ வரைந்த மோர்த்ஃபோந்தேன் ஏரிப் படத்தை லூவ்ரில் பார்த்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறம் மறக்காது. என் மனம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது.

அடுத்து நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு, 'ஒரு ஓரத்தில் மட்டும்' என்று வலது கீழ் மூலையைத் துடைத்தேன். முதலில் பஞ்சு தேன் நிறமானது. வார்னிஷ் போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னொரு முறை தேய்த்தேன். இந்தத் தடவை பஞ்சில் பச்சையும் பழுப்புமாக வண்ணம் ஒட்டிக்கொண்டு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் காய்ந்து இறுகிய எண்ணெய் வண்ணம் இவ்வளவு சுலபமாகக் கரையக் கூடாது. அது எனக்கு அப்போது தெரியாது. ஓவியத்தையே அழித்துவிட்டோம் என்று கை நடுங்கியதுதான் நினைவிருக்கிறது. விரல் நகம் அளவுக்கு ஒரு வழுக்கை விழுந்திருந்தது.

பயத்தில் இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நகைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கையெழுத்தின் மேல் குனிந்தேன். பழைய எண்ணெய் ஓவியத்தில் வறண்ட குளத்து வண்டல் போல மெல்லிய வெடிப்புகள் ஓடும். ஓவியர் தானே கையெழுத்திட்டிருந்தால், அந்த எழுத்தும் ஓவியத்தோடு சேர்ந்தே வெடித்திருக்க வேண்டும். இங்கே Corot என்ற ஐந்து எழுத்தில் இரண்டாவதான 'o' வட்டத்தின் இடது வளைவில் ஒரு வெடிப்பு குறுக்கே போயிற்று. எழுத்தின் கறுப்பு வண்ணம் அந்த வெடிப்புக்குள் வழிந்து இறங்கி, பள்ளத்தில் தேங்கிய மை மாதிரி நின்றது. படம் வெடித்த பிறகு யாரோ எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் இருந்த 'காணப்படுகிறது' அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகே படத்தைத் திருப்பினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மறுகித்தான் (வலுவுக்காகப் பின்னால் ஒட்டும் இன்னொரு கித்தான்) ஒட்டப்படாத பழைய படத்தின் முதுகு என்பது ஒரு பத்திரக்கட்டு. விளிம்பில் துருப்பிடித்த சிறு ஆணிகள். பிற்காலத்து ஸ்டேப்பிள் இல்லை, அதுவரை நல்லது. உள்சட்டத்தின் நான்கு மூலையிலும் கித்தானை இறுக்கும் மர ஆப்புகள், அவற்றில் ஒன்று காணோம். மேல்கட்டையில் பென்சிலில் மங்கலாக இரண்டு ஆங்கிலச் சொற்கள், 'ஈவினிங்' (மாலை நேரம்) என்று தொடங்கும் தலைப்பு. பக்கக் கட்டையில் அச்சுத்தகடு வைத்துக் குத்திய கறுப்பு எண். கித்தானின் நடுவில் வண்ணக் கடையின் முத்திரை: வின்ஸர் அண்ட் நியூட்டன், லிமிடெட், ராத்போன் பிளேஸ், லண்டன்.

அந்த 'லிமிடெட்' போதும். லண்டனின் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி பிரிட்டிஷ் வண்ணக் கடைகளைப் பற்றித் தொகுத்து வைத்திருக்கும் பட்டியலைத் தேடிப் படித்தேன். கடை 1832-இல் தொடங்கியது. லிமிடெட் கம்பெனி ஆனது 1882-இல். கொரோ இறந்தது 1875 பிப்ரவரியில். ஆள் போய் ஏழு வருடம் கழிந்த பிறகே விற்பனைக்கு வந்திருக்கக்கூடிய கித்தானில் அவர் எப்படி ஓடம் விட்டிருப்பார்?

கொரோவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வலையில் நான் முதல் மீன் இல்லை. அவர் மூவாயிரம் படம் வரைந்தார், அதில் பத்தாயிரம் அமெரிக்காவில் இருக்கிறது என்று ஒரு பழைய நையாண்டி உண்டு. அவர் பாணியில் வரைவது ஓரளவு எளிது, விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. போதாக்குறைக்கு மனிதர் தாராளப் பிரபு. தன் படங்களை நகலெடுக்க இரவல் தருவார். கஷ்டப்படும் ஓவியர்களின் படத்தில் நாலு தீற்று தீற்றித் தன் பெயரையும் போட்டுக் கொடுப்பார். பார்வை மங்கி வறுமையில் கிடந்த ஓவியர் தோமியேவுக்கு வீடு கிடைக்க உதவியவரும் இவர்தான். அவருடைய நல்ல குணமே பின்னால் வந்த சேகரிப்பாளர்களுக்குத் தலைவலி ஆயிற்று. ழூஸோம் என்ற பிரெஞ்சு மருத்துவர் கொரோ, கொரோ என்று 2,414 படைப்புகளைச் சேர்த்து வைத்துவிட்டு இறந்தார்; அத்தனையும் போலி. என்னிடம் இருப்பது ஒன்றுதானே என்று அன்றிரவு ஆறுதல்பட்டுக்கொண்டேன். அல்ஃப்ரெட் ரோபோவின் கொரோ படைப்புப் பட்டியலையும் (1905-இல் வெளிவந்தது) ஒரு சம்பிரதாயத்துக்குப் புரட்டினேன். என் ஓடம் அதில் இல்லை.

இனி இதை விற்றுத் தொலைப்பதா, யார் வரைந்தது என்று தேடுவதா? தேடினேன். முதலில் ஒரு கன்சர்வேட்டரிடம், அதாவது பழைய ஓவியங்களைச் சீர்செய்து பாதுகாப்பவரிடம், எடுத்துப் போனேன். என் பஞ்சு வேலையைப் பார்த்துவிட்டு அந்த அம்மா ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எந்தத் திரவம், எத்தனை முறை, எந்தத் தேதி, எல்லாம் எழுதிக் கொடுங்கள்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் போட்டார். பழைய மரப்பிசின் வார்னிஷ் அந்த ஒளியில் பாசி படர்ந்த தண்ணீர் போலப் பச்சையாக ஒளிரும். பிற்பாடு அதன் மேல் பூசிய வண்ணம் ஒளிராமல் கருந்திட்டாகத் தெரியும். இடது மூலையில் ஐந்து எழுத்துகளும் கரி போலக் கறுத்து மிதந்தன. வலது மூலையில், நான் துடைத்த இடத்தைச் சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு கருந்திட்டு. "நீங்கள் அழித்தது ஓவியத்தை இல்லை, ஓவியத்தின் மேல் பூசிய பூச்சை. உங்கள் நல்ல காலம்" என்றார். வண்ணத்தில் என்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியை அந்தத் திட்டின் மேல் வைத்தபோது டைட்டேனியம் காட்டியது. டைட்டேனியம் வெள்ளை 1920-ஐ ஒட்டித்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது. ஜெர்மனியில் பெல்ட்ராக்கி என்ற போலி ஓவியர் மாட்டியதும் இதே வெள்ளையால்தான். 1914-இல் வரைந்தது என்று 2006-இல் விற்கப்பட்ட படத்தில் அது இருந்தது. ஆக, 1882-க்குப் பிறகு யாரோ வரைந்தார்; 1920 வாக்கிலோ அதற்கும் பின்னரோ வேறு யாரோ வலது மூலையை மறைத்து, இடது மூலையில் பெயர் எழுதினார்.

அச்சுத்தகட்டு எண்ணுக்கு வருகிறேன். கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனம் தன்னிடம் வரும் படங்களின் முதுகில் இப்படி எண் குத்துவது நெடுநாள் வழக்கம். அந்த எண்ணைக் கொண்டு எந்த ஏலம், எந்தப் பொருள் என்று தேட முடியும். புகைப்படத்தோடு காப்பகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு ஆறு வாரம் காத்திருந்தேன். பதில் நாலு வரி: இரு உலகப் போர்களுக்கும் இடையில் நடந்த ஒரு ஏலம், ஆற்றங்கரைக் காட்சி, ஓவியர் பெயர் மூன்று தலைப்பெழுத்துகள், ஒரு குடும்பப் பெயர். கொரோ என்ற பேச்சே இல்லை. அந்த ஏலத்தில் வாங்கியவரோ, அவரிடம் வாங்கியவரோதான் கைவரிசையைக் காட்டியிருக்க வேண்டும்.

பெயர் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். கிடைத்த பிறகு ஒரு மாதம் வீண். அல்ஜெர்னன் கிரேவ்ஸ் 1905, 1906-இல் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட பட்டியல், லண்டனின் கலை நிறுவனமான ராயல் அகாதெமியுடையது, 1769 முதல் 1904 வரை அங்கே காட்சிக்கு வைத்தவர்கள் எல்லோரையும் ஆண்டு, தலைப்பு, முகவரியோடு தருகிறது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதே குடும்பப் பெயரில் பலர் இருந்தார்கள். சரியான பதிவை நான் இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன். முன்னால் 'மிஸ்' என்று இருந்ததுதான் காரணம். தலைப்பெழுத்தைப் பார்த்தவுடன் தாடி வைத்த ஓர் ஆளை மனதில் உட்கார வைத்திருந்தேன். அதே அகாதெமியின் பள்ளிக்குள் 1860-இல் லாரா ஹெர்ஃபோர்ட் நுழைந்ததே பெயருக்குப் பதில் வெறும் தலைப்பெழுத்தைப் போட்டு ஓவியம் அனுப்பித்தான். பெண் என்று தெரிந்ததும் வாயடைத்துப்போய் உள்ளே விட்டார்கள். இதைப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். நேரில் வந்தபோது நானும் அதே தப்பைத்தான் செய்தேன்.

முகவரி கையில் இருந்தால் அடுத்த படி மக்கள்தொகைக் கணக்கு. இங்கிலாந்தின் 1911 கணக்கெடுப்புக்கு ஒரு தனிச்சிறப்பு: வீட்டுத் தலைவர் தன் கையால் நிரப்பிய படிவமே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. முந்தைய கணக்குகளில் எழுத்தரின் நகல்தான் மிச்சம். நான் தேடிய அந்த 'மிஸ்' தனியாக வாழ்ந்ததால் அந்த வீட்டுக்குத் தலைவி அவரே. தொழில் என்ற கட்டத்தில் 'ஓவியர்'. திருமணம் பற்றிய கட்டத்தில் 'சிங்கிள்'. அந்தச் சொல்லின் நடுவில் வரும் ஜி எழுத்தின் வால் கீழே இறங்கி, இடப்பக்கம் பெரிதாகச் சுழித்து, படிவத்தின் கோட்டையே வெட்டிக்கொண்டு போகிறது. உள்சட்டத்தின் மேல்கட்டையைப் புகைப்படம் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பென்சிலில் எழுதிய 'ஈவினிங்' என்ற சொல்லின் கடைசி ஜி, மரத்தின் ரேகைகளை வெட்டிக்கொண்டு அதே மாதிரி சுழித்திருந்தது. கையெழுத்து நிபுணர் யாரும் இதை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய மாட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்த வாரம் கன்சர்வேட்டர் வலது மூலைப் பூச்சை நீக்கினார். நான் இரண்டு தேய்ப்பில் செய்ததை அவர் நுண்ணோக்கியின் கீழ் மூன்று நாள் செய்தார். புல்லின் அடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சிவப்பு எழுத்துகள் வந்தன. காப்பகம் சொன்ன அதே மூன்று.

பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. அவருடைய தம்பி வழியில் ஒரு பேத்தி உறவு இருக்கிறார். எழுதிக் கேட்டேன், நட்பாகவே பதில் போட்டார். பெரிய அத்தையின் வாழ்க்கையைத் தானே எழுதிக்கொண்டிருப்பதால் அதுவரை பொறுக்கச் சொன்னார். பொறுக்கிறேன். சந்தை மதிப்பைக் கேட்டால், கொரோவின் நிழலில்கூட நிற்காது. இரண்டு ஏலக் குறிப்பு, மூன்று அகாதெமிக் காட்சி, அவ்வளவுதான் பொதுவெளியில் அவர்.

கொரோ கையெழுத்தை என்ன செய்வது என்பதில்தான் கன்சர்வேட்டரோடு சின்ன வாக்குவாதம். அழித்துவிடலாம் என்றேன். அதுவும் இந்தப் படத்துக்கு நடந்ததுதானே, முதலில் நன்றாகப் படமெடுத்து வைப்போம், பிறகு பார்க்கலாம் என்றார். படமெடுத்தோம், பிறகு அழித்தோம். இரண்டாவது எழுத்தின் வெடிப்பில் தேங்கிய கறுப்பு மட்டும் முழுசாக வரவில்லை. தோண்டினால் அடியில் இருப்பது போய்விடும் என்று விட்டுவிட்டார். சாய்வாக வெளிச்சம் விழுந்தால் தண்ணீரில் ஒரு கீற்று மாதிரி தெரியும்.

படத்தின் முதுகில் எதையும் ஒட்டவில்லை. பின்பலகையில் அமிலமில்லாத காகித உறை ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். அதற்குள் முத்திரையின் புகைப்படம், காப்பகக் கடிதம், 1911 படிவத்தின் நகல், அழிப்பதற்கு முன் எடுத்த ஐந்து எழுத்துகள், கடைசியாக என் கையால் எழுதிய ஒரு சீட்டு: ஸ்பிரிட், பஞ்சுக் குச்சி, வலது கீழ் மூலை, இரண்டு முறை, தேதி.