புரட்டாசி மாதக் கணக்கு

செப்டம்பர் 17, 2025, புதன். புரட்டாசி 1

கறிச்சட்டியை நேற்று ராத்திரியே தேய்த்துக் கவிழ்த்து, அத்தை பரண்மேல் ஏற்றிவிட்டார். இனி ஐப்பசி பிறக்கிறவரை வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. நானோ முட்டைப் பண்ணையில் கணக்கு எழுதுகிறவள். நாக்கில் முட்டை படாத மாதத்திலும் நாள் முழுக்க முட்டைக் கணக்குதான். நாமக்கல்லில் இப்படி நிறையப் பேர் இருக்கிறோம்.

இந்த மாதம் பிறந்தாலே பண்ணை முதலாளிக்கு முகம் செத்துவிடும். தமிழ்நாட்டு ஆர்டர் படுத்துவிடும். கேரளாக்காரர்களுக்குப் புரட்டாசி விரதம் கிடையாது என்பதால் லாரி அந்தப் பக்கம் ஓடுகிறது, இல்லாவிட்டால் இன்னும் மோசம். என்.இ.சி.சி. (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு) ஒரு கொள்முதல் விலை சொல்லும். வியாபாரி அதற்குக் கீழே ‘மைனஸ்’ எவ்வளவு என்று பேரம் பேசுவார். கோழிக்கு மட்டும் மாதம் தெரியாது, அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை மகள் வருகிறாள். கோயம்புத்தூரில் வேலை. தை மாதத்திலிருந்து வீகன். பால், தயிர், நெய்கூடத் தொடுவதில்லை. இந்தத் தடவை சமையலறையில் பஞ்சாயத்து உண்டு.

செப்டம்பர் 20, முதல் சனிக்கிழமை

பஞ்சாயத்து சர்க்கரைப் பொங்கலில் தொடங்கியது. நெய் ஊற்றுவதற்கு முன்பே தனக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டாள். சாமிக்குப் படைக்கும் முன்னால் கை வைக்கலாமா என்று அத்தை ஒரு பிடி பிடித்தார். அது அடங்கியதும் பேச்சு தயிரில் வந்து நின்றது. அத்தைதான் கேட்டார்.

“பாலுல என்ன உசுரா போகுது சாமி?”

“போகுதுங்க ஆத்தா. மாடு கன்னு போட்டாத்தான் பால். கெடேரிக்கன்னுன்னா வளர்ப்பாங்க. எதிர்வீட்டு ஜெர்சி போட்ட காளக்கன்னு எங்கேன்னு நீங்களே சொல்லுங்க.”

அத்தை மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை. “புதன்சந்தை மாட்டுச்சந்தைக்குப் போயிருச்சு. அங்கிருந்து கறிக்குக் கேரளா லாரிதான்” என்றார். அப்புறம் இலையை மடிக்காமலே சொல்லிக்கொண்டு போனார். “முன்னயெல்லாம் காளக்கன்னு பொறந்தாத்தான் சந்தோசம். ஏருக்காகும், வண்டிக்காகும், கெணத்துல கவலை கட்டித் தண்ணி எறைக்கும். மோட்டார் வந்துச்சு, டிராக்டர் வந்துச்சு, அதுக்கு வேலை போச்சு. வேலையில்லாத சீவனுக்கு யாரு தீனி போடுவா?”

நாற்பது வருஷம் மாடு கட்டியவர். பாலுக்கும் கறிக்கும் நடுவில் நாம் போட்டிருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் தயிர் போட்டுத்தான் சாப்பிட்டார்.

எனக்கு ஒன்று தோன்றியது. புரட்டாசியில் கறியை நிறுத்திவிட்டு இன்னும் ஒரு பாக்கெட் பால், கால் கிலோ பன்னீர் கூடுதலாக வாங்குகிறோம். விரதத்தைக் குறை சொல்லவில்லை. நாக்கைக் கட்டுவதும் நல்லதுதான். ஆனால் அது நம் சுத்தத்துக்காக இருப்பது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதில் பங்கு இல்லை.

செப்டம்பர் 24, புதன்

மகள் கோவையில் வீடு தேடிய கதையை இன்று போனில் சொன்னாள். வீட்டுச் சொந்தக்காரர் முதலில் கேட்டது, “வெஜிடேரியன்தானே?”

“பால், தயிர்கூடச் சாப்பிட மாட்டேங்க.”

எதிர்முனை கொஞ்ச நேரம் பேசவில்லை. “அதில்லம்மா... நீங்க என்ன ஆளுங்க?” சொன்னாள். வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாம். அடுத்த வாரமும் ‘டு லெட்’ பலகை அங்கேயே தொங்கியிருக்கிறது.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. 2014-ல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 97 பேர் அசைவம். இப்படி ஒரு ஊரில் ‘சைவம் மட்டும்’ என்று பலகை போட்டால், அது சமையலறைக்குப் போட்ட பலகையா என்ன? இதனால்தான் இங்கே கறியைப் பற்றி யார் நியாயம் பேசினாலும், பேசுகிற ஆள் யார் என்று பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்ப்பேன். ‘கொல்லாதே’ என்பதைக் கேட்டால், ‘நீ தாழ்ந்தவன்’ என்பது பக்கத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். பல தலைமுறையாக அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தச் சண்டையில் கோழியைப் பற்றி யோசிக்க ஆளில்லாமல் போய்விட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. சத்துணவு முட்டை போகாது. புரட்டாசியும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வந்தால் குடோனில் முட்டை அட்டைகள் கூரைவரை நிற்கும்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் அதில் முட்டை வந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. இப்போது பள்ளி நடக்கும் ஐந்து நாளும் உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். வேறு சில மாநிலங்களில் குழந்தையின் தட்டில் முட்டை வைப்பதா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் அரசியல் நடக்கிறது. நம் ஊரில் பழமும் இருக்கிறது, முட்டையும் இருக்கிறது, விஷயம் முடிந்தது.

இதில் மகளிடம் மோதல் வரும் என்று எதிர்பார்த்தேன். “அந்தப் புள்ளைங்க முட்டைல நான் கைவைக்க மாட்டேம்மா. நான் பி12 மாத்திரை வாங்கிப் போட்டுக்கறேன், சோயாப்பால் வாங்கறேன். அதுங்களுக்கு எவன் வாங்கித் தருவான்?” என்றாள். இதைச் சொன்னதால்தான் அவள் பேச்சை மேற்கொண்டு காதுகொடுத்துக் கேட்கிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே நாளில். அரசு உத்தரவுப்படி கறிக்கடைகள் மூடல். முனைக்கடை பாய், “புரட்டாசில தெறந்தா மட்டும் யாருங்கக்கா வரப் போறாங்க” என்று ஷட்டரை இறக்கிவிட்டுக் கடைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு மகளைச் சீண்ட ஒரு வழி கிடைத்தது. “காந்தியே ஆட்டுப்பால் குடிச்சாரு.” உண்மைதான். 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பாலை அடியோடு விட்டவர் அவர். பிற்பாடு உடம்புக்கு முடியாமல் படுத்தபோது, விரதம் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபா சொல்ல, குடித்தார். ஆனால் அது சரியென்று அவர் மனம் கடைசிவரை ஒப்பவில்லை. “அவரு குடிச்சுட்டு வருத்தப்பட்டாருப்பா, நீங்க பைபாஸ் கடையில சாப்பிட்டுட்டு வருத்தப்படறீங்களா?” என்று கேட்டாளே பார்க்கணும். என் வீட்டுக்காரர் பைபாஸ் பக்கம் போய் வந்தால் வாயில் பாக்கு வாசம் அடிக்கும். நான் எதுவும் கேட்பதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

வள்ளலார் பிறந்த நாள். 2021-லிருந்து அரசு இதைத் தனிப்பெருங்கருணை நாள் என்று கொண்டாடுகிறது. புலால் கூடாது என்று அவரைப் போல அழுத்திச் சொன்னவர் குறைவு. ஆனால் 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கியபோது, பசித்து வந்தவனிடம் நீ என்ன ஆள் என்று கேட்கவில்லை. அந்த அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. சைவம் பேசுகிறவர்கள் அவரிடமிருந்து பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

மகள் ஒரு குறளை அனுப்பியிருந்தாள்.

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்.

தின்ன ஆளில்லை என்றால் விற்க ஆளில்லை. ‘நான் கொல்லவில்லை, காசு கொடுத்துத்தானே வாங்குகிறேன்’ என்று யாரும் நழுவ முடியாதபடி வள்ளுவர் கதவைச் சாத்திவிட்டார். கணக்கு எழுதுகிறவளுக்கு இது உடனே பிடிபடும். பல்லடம் பக்கம் கறிக்கோழிக் கம்பெனிகள் புரட்டாசிக்குக் குஞ்சு விடுவதை ஆடி ஆவணியிலேயே குறைத்துக்கொள்வார்கள். குஞ்சு சுமார் நாற்பது நாளில் கறியாகிவிடுவதால் அந்தக் கணக்கு சரியாக விழும். தின்பவர் குறைந்தால், பிறக்கும் கோழியே குறைகிறது.

முட்டைக்கோழியில் கதை வேறு. முட்டை விற்காவிட்டால் கூண்டைத் திறந்துவிடுவதில்லை. தீவனச் செலவு தாங்காது என்று வயதான கோழியை முன்கூட்டியே கறிக்கு ஏற்றிவிடுவார்கள். நாம் முட்டை தொடாத மாதத்தில்தான் எங்கள் பண்ணையிலிருந்து அந்த லாரிகள் அதிகம் போகின்றன.

அக்டோபர் 8, புதன்

மகள் இரண்டு நாள் லீவு போட்டு வந்திருக்கிறாள். பண்ணையைப் பார்க்க வேண்டும் என்றாள். முதலாளியிடம் கேட்டேன், “வரட்டுமுங்க, நாம என்ன ஒளிச்சா வெச்சிருக்கோம்” என்றார்.

ஷெட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது எச்சத்தின் நெடி. அடுத்து சத்தம், ஆயிரக்கணக்கில் கேறும் சத்தம். நான் தினமும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கேட்பதுதான், பழகிவிட்டது. கூண்டுக்கு மூன்று, சிலதில் நான்கு. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நான் கணக்கு அச்செடுக்கும் ஏ4 தாளைவிடச் சின்னது. கம்பித்தரை முன்பக்கம் சரிந்திருக்கும், இட்ட முட்டை உருண்டு வெளியே வந்துவிடும். ஒன்றையொன்று கொத்தாமலிருக்க, குஞ்சிலேயே அலகு நுனியைச் சுட்டு எடுத்திருப்பார்கள். வருஷத்துக்கு முந்நூறு முட்டை. இதன் காட்டு மூதாதை இடுவது பத்துப் பதினைந்துதான். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்காகத் தீவனத்தில் கிளிஞ்சல் கலக்கிறோம், போதாததை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். பழைய பேட்சில் கழுத்து மொட்டையாக நின்ற ஒரு கோழி, கம்பி வழியாகத் தலையை நீட்டி மகளின் துப்பட்டா ஓரத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. இறக்கை விரிக்க முடியாது, மண்ணில் புரள முடியாது, கிடைத்ததை இழுக்கத்தான் முடியும்.

“இதுங்களோட கூடப் பொறந்த சேவல் எல்லாம் எங்கேங்க?” என்று முதலாளியிடம் கேட்டாள்.

“அது பொரிப்பகத்துலயே கழிச்சுருவாங்கம்மா. முட்டையும் இடாது, கறியும் ஏறாது.” கொஞ்சம் சாயம் பூசிச் சந்தைக்கும் போகும் என்றார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சந்தையில் அழுது அடம்பிடித்து வாங்கிய ரோஸ் கலர் குஞ்சு, ஒரு வாரம்கூடத் தாங்காமல் செத்தது. அது இந்த வகைதான். ஜெர்மனியில் 2022-லிருந்து இப்படிக் குஞ்சைக் கொல்லத் தடை, முட்டையிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுகிறார்கள் என்றாள். இந்த மாதிரிக் கூண்டே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012-லிருந்து கிடையாது, நம் சட்ட ஆணையமும் 2017-ல் கூண்டு வேண்டாமென்று அறிக்கை கொடுத்திருக்கிறது என்றாள்.

முதலாளி கோபப்படவில்லை. “கீழே விட்டு வளர்த்தா எடம் வேணும், ஆள் வேணும், முட்டை மண்ணுல கெடக்கும், நோய் வந்தா மொத்தமாப் போகும். அதுக்குண்டான வெலைய யாருங்கம்மா தர்றது? அஞ்சு பைசா ஏறினாலே டீக்கடையில ஆம்லெட் வெலை ஏறிருச்சுன்னு சண்டைக்கு வர்றாங்க.” சோள விலை, சோயா விலை, கருவாட்டு விலை என்று அடுக்கினார். ஆமாம், தீவனத்தில் கருவாடும் உண்டு. இழுவை வலையில் அள்ளிய குஞ்சுமீனும் அதில் வரும். முட்டையைச் சைவத்தில் சேர்க்கலாம் என்பவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

உலக முட்டை தினம். அவித்த முட்டை இலவசமாகக் கொடுத்தோம். புரட்டாசி என்று பாதிப் பேர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

குலதெய்வக் கிடா வெட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. 1950-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி, 2003-ல் கோயில்களில் பலி கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அத்தை அப்போது கொதித்ததை நான் மறக்கவில்லை. மறு வருஷமே சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். கறிக்கடையில் வெட்டினால் வியாபாரம், கோயிலில் வெட்டினால் காட்டுமிராண்டித்தனமா என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. கிடாய் மேல் தீர்த்தம் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் வெட்டுவார்கள், சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். “தண்ணி ஊத்தினா நானுந்தான் துலுக்குவேன்” என்றாள் மகள். அத்தையே சிரித்துவிட்டார்.

ஆனால் அந்தக் கிடாய் கட்டுத்தரையில் பிறந்து, காட்டில் மேய்ந்து, பிள்ளைகளோடு முட்டி விளையாடி வளர்ந்தது. வெட்டும்போது ஊரே பக்கத்தில் நிற்கும், ‘நான் பார்க்கவில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. கொல்வது சரியா தவறா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. மகளுக்கு இருக்கிறது, இருக்கட்டும். கூண்டு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றரை வருஷம் அந்தக் கம்பிக்குள் நிற்பதைவிட அந்தக் கிடாயின் சாவு பெரிய பாவம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அக்டோபர் 18, சனி. ஐப்பசி 1

பாய் கடையில் காலை ஆறு மணிக்கே வரிசை தெருவைத் தாண்டிவிட்டது. திங்கள்கிழமை தீபாவளி வேறு. எங்கள் வீட்டிலும் வெள்ளாட்டுக்கறி அரைக் கிலோ, வழக்கமாக வாங்குவதில் பாதி. அத்தை கேட்டதற்கு, மீதிக்குக் கத்தரிக்காய் போட்டுக்கொள்ளலாம் என்றேன். மகளுக்குக் கடலை எண்ணெயில் அதிரசம் தனியாகச் சுட்டாகிவிட்டது. பண்டம் எல்லாம் ஒரே சட்டிதானே என்று முணுமுணுத்தாலும், அத்தைதான் முதல் ஈட்டை அவளுக்கென்று எடுத்து வைத்தார்.

வீட்டு முட்டையை இனி சின்னம்மாவின் தோட்டத்துக் கோழியிடமிருந்து எடுத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறேன். வாரத்துக்குப் பத்து கிடைத்தால் அதிகம். அந்தப் பத்துக்குள் சமைக்கணும். பண்ணையிலும் ஒரு பேச்சு போட்டிருக்கிறேன், காலியாகக் கிடக்கும் பழைய ஷெட்டில் ஐந்நூறு கோழியைக் கூண்டில்லாமல் விட்டுப் பார்க்கலாம் என்று. கோவையில் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறதா என்று மகள் விசாரிக்கிறாள். முட்டையே தொடாதவள் எனக்கு முட்டை விற்றுத் தரப் பார்க்கிறாள். முதலாளி முடியாது என்று சொல்லவில்லை. “கணக்குப் போட்டுக் கொண்டாங்க, பார்க்கலாம்” என்றார். தீபாவளி முடிந்து தீவன விலையைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும்.