தோள் வலிக்குக் காலில் ஊசி

கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுதக் கை எட்டாமல் போனபோதுதான் தோள் இறுகிவிட்டதை ஒப்புக்கொண்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து வந்து, "குடுங்க மிஸ்" என்று சாக்பீஸை வாங்கி எழுதினாள். எலும்பு டாக்டர் ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். மாத்திரையோடு, சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலேற்றும் பயிற்சியும் கொடுத்தார். என் நாத்தனாருக்கு அது போதவில்லை. அக்குபங்சருக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நம் பக்கம் அக்குபங்சர்காரர்கள் பலர் ஊசியே எடுப்பதில்லை, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள். இவர் ஊசிக்காரர். நான் தோளைக் காட்டினால், அவர் முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்னெலும்பை ஒட்டி விரலால் அளந்தார். முடி மாதிரி மெல்லிய ஊசி. அந்தப் புள்ளிக்கு எஸ்.டி. 38 என்று பெயர் சொன்னார். குத்தியது தெரியவேயில்லை. திருகத் தொடங்கியதும்தான் உள்ளே ஒரு கனம், மரத்துப்போகிற மாதிரி, கணுக்கால் வரை இறங்கியது. "வந்துடுச்சா டீச்சர்? இப்ப கையைத் தூக்குங்க." தூக்கினேன். காது வரை போனது!

அந்தக் கனத்தைத்தான் 'ச்சி வந்துவிட்டது' என்கிறார்கள் சீனர்கள். (உயிர்ச்சக்திக்கு இப்படி ஒரு பெயரா என்று நாத்தனாருக்குச் சிரிப்பு.) ச்சி ஓடப் பன்னிரண்டு பாதைகள், உடலின் நடுக்கோட்டில் முன்னும் பின்னும் இன்னும் இரண்டு, இவற்றின்மேல் 361 புள்ளிகள். ஓட்டம் தேங்கினால் வலி. பெருங்குடல் பாதை ஆள்காட்டி விரலில் கிளம்பி, தோளைத் தாண்டி மூக்கருகே முடிகிறது. வயிற்றுப் பாதை அங்கே தொடங்கிக் காலின் இரண்டாம் விரலுக்கு இறங்குகிறது. என் காலில் குத்திய எஸ்.டி. 38 இந்தப் பாதையில்தான் இருக்கிறது. கீழ்மடையைத் திறந்தால் மேலே தேங்கியது வடியும். வயல்காட்டில் வளர்ந்த எனக்கு இது உடனே பிடித்துப்போனது.

ஆனால் நான் அறிவியல் டீச்சர். உடம்பை அறுத்துப் பார்த்த யாரும் அந்த வாய்க்காலைக் கண்டதில்லை. ஊசி நரம்பைத் தூண்ட, மூளை வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் சுரக்கிறது என்பது ஒரு விளக்கம். 2010இல் எலிகளிடம் சோதித்தபோது, முட்டிக்குக் கீழே ஊசியைத் திருகிய இடத்தில் அடினோசின் என்ற, வலியை அடக்கும் பொருள் கூடியது, அந்தக் காலில் வலி குறைந்தது. சரி, அது அதே கால். என் தோள்?

என்னை அதிகம் குழப்பியது ஜெர்மனியில் இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு மாதம் கழித்து, முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடங்களில் மேலாகக் குத்தியவர்களில் 44.2. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4தான். அப்படியானால் ஊசிக்குப் பலன் உண்டு, இடத்துக்குத்தான் பெரிய மதிப்பில்லை போலிருக்கிறது. இதை ஊசிக்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கால் அவர் கையில் அல்லவா இருந்தது.

அடுக்களைச் சுவரில் தினமும் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். புதன்தோறும் ஊசி. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு விரல்கடை ஏறியிருக்கிறது. ஊசியே போடாத தீபாவளி வாரத்திலும் அதே ஒரு விரல்கடை. ஆனால் புதன் இரவுகளில் மட்டும் அந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்கினேன். நாத்தனாரிடம் தூக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறேன்.