பார்க்கின்சன் மாத்திரையும் அப்பாவின் கடிகாரங்களும்

அப்பா திருநெல்வேலியில் 35 வருஷம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வலது கை நடுங்க ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டார். பார்க்கின்சன் என்று தெரிந்து மாத்திரை தொடங்கிய புதிதில் நடை சுலபமானது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார்.

இரண்டாம் வருஷம் அதில் பிரமிபெக்ஸால் என்ற மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். கொஞ்ச நாளில் ராத்திரி உட்கார்ந்து பழைய கடிகாரங்களைப் பிரிக்கத் தொடங்கினார். தொழில் கைக்குத் திரும்பிவிட்டது என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஒருநாள் விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து பார்க்கிறேன். கண்ணில் லென்ஸ், எதிரே நாலைந்து எவர்சில்வர் தட்டு. ஒன்றில் திருகாணி, ஒன்றில் பல்சக்கரம், ஒன்றில் முள். எதையும் திரும்பப் பூட்டவில்லை. ஒரு தட்டில் இருந்ததை எண்ணி இன்னொன்றில் போட்டார். மறுபடி எண்ணிப் பழைய தட்டுக்கே மாற்றினார். "படுங்கப்பா" என்றேன். "இந்தா முடிஞ்சிரும்" என்றார். விடியும்வரை முடியவில்லை.

அப்புறம் பார்சல்கள் வர ஆரம்பித்தன. போனிலேயே பழைய வாட்ச்சாக வாங்கிக் குவித்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் 61 இருந்தன. அம்மாவின் இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தது. யாரிடமும் கைமாற்று வாங்கிப் பழகாத மனுஷர். அண்ணன் ஆத்திரத்தில் பேசக்கூடாததெல்லாம் பேசிவிட்டான். அப்பா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வந்த மருத்துவமனையில் நடுக்கம், நடை, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் கேட்பார்கள். புதுசாக எதிலாவது பித்து பிடித்திருக்கிறதா, செலவு கூடியிருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. மாத்திரை கொடுக்கும்போதே இப்படியும் ஆகலாம் என்று சொல்லியிருந்தால் முதல் பார்சல் வந்த அன்றே விழித்திருப்போம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேறொரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். நான் வளையல் கதையைச் சொன்னதுமே அவர் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "ஐயா, இந்த மாத்திரை சாப்பிடுற சிலருக்கு இப்படி ஆகும். உங்க குணத்துல கோளாறு இல்ல" என்றார். மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் போலவே வேலை செய்யும் இந்த வகை மருந்து, உடல் அசைவைச் சரிசெய்வதோடு நிற்காமல் மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதியையும் கிளப்பிவிடுமாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம் பேருக்கும் சூதாட்டம், அளவுமீறி வாங்குவது, சாப்பிடுவது, காம வேட்கை இவற்றில் ஏதாவது ஒன்று கட்டுமீறி இருந்திருக்கிறது.

அப்புறம் இப்படிக் கட்டுமீறுவதை அளக்கும் க்விப்-ஆர்எஸ் என்ற படிவம். கடந்த நாலு வாரத்தைப் பற்றி நாலே கேள்வி: அதே நினைப்பாக இருக்கிறதா, அளவுக்கு மீறி ஆசை வருகிறதா, அடக்க முடியவில்லையா, அதைத் தொடர்வதற்காக மறைப்பது, பொய் சொல்வது, கடன் வாங்குவது உண்டா. சூதாட்டம், வாங்குவது, சாப்பிடுவது, காமம் என்ற நாலோடு பொழுதுபோக்கில் மூழ்குவது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, பார்க்கின்சன் மாத்திரையையே கூடுதலாக விழுங்குவது என ஏழுக்கும் இந்த நாலு கேள்வியையும் கேட்கிறார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்.

அப்பா எல்லாவற்றுக்கும் 0 போட்டார்.

டாக்டர் அதை மறுக்கவில்லை. அம்மாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். தாம்பத்தியம் பற்றிய கேள்வி வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். அம்மா என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வாங்குவதில் 16க்கு 13 வந்தது. 8 வந்தாலே கவனிக்க வேண்டுமாம். பொழுதுபோக்கும் திரும்பத் திரும்பச் செய்வதும் சேர்த்து 32க்கு 24. அதற்கு எல்லை 7. மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், மறுபடி அப்பாவிடம் அரைமணி நேரம் பேசினார். அப்போதுதான் அப்பா கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேண்டாம்னுதான் நினைக்கேன். கை அதுபாட்டுக்குப் போயிருது."

நாங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பார்க்கின்சனுக்கான இன்னொரு மருந்தான லெவோடோபாவின் அளவை மாற்றினார். குறைக்கும்போது அப்பாவுக்குப் படபடப்பு, வியர்வை, எரிச்சல். உடம்பும் திரும்ப இறுகியது. அந்த இரண்டு மாதம் கடிகாரத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் யாராவது இதே கட்டத்தில் இருந்தால், அது மருந்து விலகும்போது வருவதுதான், டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். இதற்கிடையில் போனில் இருந்த பணம் கட்டும் செயலியை அப்பாவிடம் சொல்லிவிட்டே எடுத்தோம். ஒளித்துச் செய்யவில்லை.

ஆறு மாதம் கழித்து அதே படிவம். கை நடுங்குகிறது என்று என்னை எழுதச் சொன்னார் அப்பா. வாங்கும் நினைப்பு வருகிறதா என்ற கேள்விக்கு நான் 0 பக்கம் பேனாவைக் கொண்டுபோனேன். "இல்லம்மா, ரெண்டு போடு. நினைப்பு இன்னும் வருது" என்றார்.