லண்டன் ஒதுக்கிய கோபுரம்

பாஸ்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிறு காலை பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸுக்கு ரயிலேறினோம். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்றான பாப்டிஸ்டுகளின் முதல் அமெரிக்கச் சபை அந்த ஊரில்தான். 1638-இல் போதகர் ரோஜர் வில்லியம்ஸ் தொடங்கியது. ஆற்றைத் தாண்டியதும் வெள்ளை மரக்கோபுரம், 185 அடி. எங்கேயோ பார்த்த முகம்.

"அம்மா, நம்ம எழும்பூர் கிர்க்!" என்றாள் மகள். சென்னை எழும்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தைத்தான் கிர்க் என்போம்.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் பல வரைபடங்கள் போட்டார். தேறாமல் போனவற்றையும் சேர்த்து 1728-இல் புத்தகமாக அச்சிட்டார். அதிலிருந்த கோபுரம் ஒன்றை, பிராவிடன்ஸ் ஆலயத்தை வடிவமைத்த ஜோசப் பிரவுன் இங்கே எடுத்தாண்டார். லண்டனுக்கு வேண்டாமென்றான வட்ட வடிவ ஆலயம் 1821-இல் எழும்பூரில் எழும்பியது. கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே மூலைக்குத் தலைக்கல்லானது என்று பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் வருமே, அதுதான் நினைவுக்கு வந்தது.

முதல் அறுபது வருஷம் இந்தச் சபைக்குக் கட்டடமே கிடையாது. இப்போதுள்ளது 1775-இல் முடிந்தது. தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக பாஸ்டன் துறைமுகத்தை ஆங்கிலேயர் மூடிவிட, வேலையிழந்த கப்பல் தச்சர்கள் இங்கே வந்து உளி பிடித்தார்கள். கோபுரத்தின் அடுக்குகளை அடிக்கூட்டுக்குள்ளேயே செய்து, ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றாக மேலே இழுத்து, மூன்றரை நாளில் நிறுத்திவிட்டார்களாம். 1815 புயலிலும் அது விழவில்லை. கப்பல் கட்டிய கை!

உள்ளே 80 அடிக்கு 80 அடி, சரியான சதுரம். சொரூபம் இல்லை, படம் இல்லை. ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடிகூடக் கிடையாது; வெறும் கண்ணாடி, வெயில் நேராக வேதப்புத்தகத்தின் மேல் விழுகிறது. பீடம் இருக்குமென்று நாம் தேடுகிற இடத்தில் உயரமான பிரசங்க மேடை. இங்கே வசனம் கேட்பதுதான் ஆராதனை என்பது கட்டடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நடுவில் தொங்கும் 1792-ஆம் வருஷத்துப் படிகச் சரவிளக்கு மட்டும் கொஞ்சம் ஆடம்பரம். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசீர்வாத ஜெபம் முடிந்ததும், கோபுரத்துக்குள் ஏறிப் பார்க்கலாமா என்று வாசலில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். இன்று முடியாது என்று சிரித்தார். வெளியே வந்து, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று மகள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.