தோல் ஷாப் நிலத்தில் எட்டுத் துளைகள்

பாலாற்றங்கரையில் பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த ஒரு தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், நிலத்தை வாங்க இருந்தவர்கள், அங்கே குரோமியம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அறிய விரும்பியதால், எட்டு இடங்களில் துளையிட்டு மண் மாதிரி எடுக்கும் பணி என்னிடம் வந்தது. வேலூர்ப் பகுதித் தோல் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்த பின், இங்கே மண்ணில் காணும் அளவு எதுவும் பணக் கணக்காகவும் ஆகிவிடுகிறது. ஆகவே வாங்குபவரும் விற்பவரும் குறை சொல்ல இடமில்லாமல் மாதிரி எடுப்பதே என் கவலையாக இருந்தது.

துளையிடும் முன்பே ஒன்றரை நாள் கழிந்தது. வரைபடத்தில் ஒரு மின்கம்பியும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டுமே இருந்தன. அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், வரைபடத்தில் இல்லாத கழிவுநீர்க் குழாய் ஒன்று எங்கள் மூன்றாம் புள்ளிக்கு அடியில் போவதாகச் சொன்னார். “குழாய் தூந்துபோச்சு தம்பி, உள்ள இருக்கிறது அப்படியேதான் இருக்கும்” என்றார். எல்லாப் புள்ளிகளிலும் முதல் 1.2 மீட்டரைக் கையால் தோண்டிய பிறகே இயந்திரத்தை வைப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். மூன்றாம் புள்ளியில் முக்கால் மீட்டரிலேயே குழாய் தட்டுப்பட்டதால், புள்ளியைத் தள்ளி வைத்தோம்.

தோலில் முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடு பழைய கசடில் தங்கியிருந்தால், கிளறும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு வெளிவரக்கூடும். அழுகிய முட்டை நாற்றத்தை நம்பக் கூடாது; வாயு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. கசடுத் தொட்டியை ஒட்டிய ஐந்தாம் புள்ளியில், 10 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் பத்துப் பங்கு) அளவில் ஒலிக்குமாறு வைத்திருந்த வாயுமானி அலறியது. இயந்திரத்தை நிறுத்தி, காற்று வரும் பக்கமாக விலகி, அளவு பூஜ்யமாகும்வரை காத்திருந்தோம்.

மாதிரி எடுப்பதில் அவசரம் ஆகாது. மண்ணைத் துளைத்து எடுக்கும் திருகுத் தண்டான ஆகரில் ஒட்டி வரும் வெளிமண் மேலடுக்கிலிருந்து இழுபட்டு வந்ததாக இருக்கலாம் என்பதால், அதைச் சுரண்டி நீக்கி நடுப்பகுதியை மட்டும் எடுத்தோம். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறையை மாற்றினோம். குரோமியம் முலாம் பூசிய கரண்டியால் குரோமியத்தைத் தேடுவது கேலிக்கூத்து என்பதால் பிளாஸ்டிக் கரண்டிதான். பதனிடுதலில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அதில் ஒரு பகுதி, நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். மாதிரி எடுத்த பிறகும் இந்த வடிவம் மாறிவிடலாம் என்பதால் மண்ணை உலர்த்தாமல், ஈரத்தோடு கண்ணாடிக் குடுவையில் அடைத்து, சுமார் 4 டிகிரி செல்சியஸில் ஐஸ் பெட்டியில் வைத்தோம். 30 நாளுக்குள் ஆய்வகம் அதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

களிமண் அடுக்கு தென்பட்டதும் நிறுத்தினோம். அதைத் துளைத்தால் மேலே உள்ள அழுக்கு கீழ் நீருக்குப் போக நாமே வழி வெட்டியதாகும். துளைகளை, நீர் பட்டால் உப்பி இடைவெளியை மூடும் பென்டோனைட் களியால் அடைத்தோம். வெளிவந்த மண்ணைத் திரும்பத் தள்ளாமல் டிரம்களில் நிரப்பி, புள்ளி எண்ணை எழுதி வைத்தோம்.

என் தவறு எதுவென்பது ஆய்வக முடிவு வந்தபோதுதான் தெரிந்தது. சுத்தமான புள்ளியில் தொடங்கி அழுக்கான புள்ளியில் முடிக்க வேண்டும் என்று வரிசையை எழுதிக் கொடுத்திருந்தேன். வண்டி நிறுத்த வசதியான இடம் என்று இயந்திரக்காரர் அழுக்கான கொட்டகைப் பக்கம் தொடங்கியபோது, கழுவித்தானே எடுக்கப்போகிறோம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். சோப்பு, குழாய்நீர், காய்ச்சி வடித்த நீர் என்று முறையாகவே கழுவினோம். ஆனாலும், கழுவிய ஆகர் மீது வடித்த நீரை ஊற்றிப் பிடித்து அனுப்பியிருந்த சோதனை நீரில் குரோமியம் இருந்தது. துருவேறிய இணைப்புகளின் பள்ளத்தில் மண் தங்கியிருந்திருக்க வேண்டும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு புள்ளிகளின் முடிவுகளை நம்ப வழியில்லை. வேறு ஆகரோடு போய் அவற்றைத் திரும்ப எடுத்தேன். அந்தச் செலவு என்னுடையது.